நாப்பாவா, சோனோமாவா, லிவர்மோரா? ஒரு சனிக்கிழமை, நாலு பேர், ஒரு கார்

"ஏ மாப்ள, ஒயின் ஷாப்புக்குப் போறதுக்கா இம்புட்டு தூரம் காரு ஓட்டணும்? நம்ம ஜங்ஷன்ல பஸ்ஸ விட்டு இறங்கினா நாலு கடை இருக்கே."

அத்தான் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் ஒயின் ஷாப் என்று பெயர்ப்பலகை இருந்த காலத்திலும் அங்கே ஒயின் வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை. பிராந்தி, ரம், பீர் எல்லாம் விற்ற கடைக்கு ஒயினின் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, பெரிய கிளாஸின் அடியில் இரண்டு வாய் ஊற்றித் தருவதை முகர்ந்து பார்த்துக் குடித்துவிட்டு, அதற்குத் தனியாகக் காசு கொடுத்து வருவது என்பதை பாளையங்கோட்டையில் ரிட்டயர்ட் ஆன ஒரு பேங்க் மேனேஜருக்கு விளங்கவைப்பது லேசான வேலை இல்லை.

அக்காவும் அத்தானும் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் ஊரில் எங்கள் வீட்டில் ஐந்து வாரம் இருந்தார்கள். கோல்டன் கேட், கூகுள் வாசல், அவுட்லெட் மால் எல்லாம் முடிந்து ஒரு செப்டம்பர் சனிக்கிழமை மீதி இருந்தது. அத்தானுக்கு "நாப்பா பார்க்கணும்". யாரோ வாக்கிங் நண்பர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா சைவம், மதுவைத் தொடமாட்டாள், ஆனால் தோட்டம் என்றால் வருவாள். என் மனைவிக்கு இனிப்பான ஒயின் ஒரு கிளாஸ் பிடிக்கும். எனக்கு எல்லாமே பிடிக்கும், பிரச்சினையே அதுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒருநாள் பயணத்தில் எட்டக்கூடிய ஒயின் பள்ளத்தாக்குகள் மூன்று: நாப்பா, சோனோமா, லிவர்மோர். மூன்றுக்கும் வெவ்வேறு கூட்டத்தோடு போய்வந்திருக்கிறேன். எதற்குப் போவது என்று யோசிக்கும்போது எல்லோரும் "எங்கே ஒயின் நல்லா இருக்கும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் யார் வண்டி ஓட்டுவது என்று முடிவு பண்ணுங்கள்.

கணக்கைப் பார்த்தால் புரியும். டேஸ்டிங்கில் ஒரு தடவை ஊற்றுவது 30 முதல் 45 மில்லி. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் ஐந்து ஒயின் வரும். தாராளக் கை என்றால் 225 மில்லி ஆகிவிட்டது. இரண்டு இடம் போனால் 450, பாட்டிலே 750 தான். அதுவும் நாப்பாவின் கேபர்னே என்ற சிவப்பு ஒயின் என்றால் ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு மேல். கலிஃபோர்னியாவில் ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது சட்டத்தின் கோடு. "எனக்கு ஒண்ணும் ஏறலை" என்று சொல்லும் ஆள் பல நேரம் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றுகொண்டுதான் சொல்கிறார்.

எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது ஆனாலே, வழக்கு முடியும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்துவிட முடியும். ஊருக்குப் போனால் மறுபடி தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒரு மத்தியான சந்தோஷத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம். திறந்த பாட்டிலைக் காருக்குள் உட்காரும் இடத்தில் வைப்பதும் குற்றம். கார்க்கை அடைத்து டிக்கியில்தான் போட வேண்டும்.

துப்பிவிடலாமே என்பீர்கள். ஒவ்வொரு மேஜையிலும் அதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். குடிக்காமல் மிச்சம் வைத்ததையும் அதில் கொட்டலாம், வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்து அதிலேயே துப்பலாம். தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு நாலு பேர் நடுவில் அது வராது. எனக்குப் பத்து வருடமாகியும் வரவில்லை. அத்தானிடம் சொன்னபோது, "காசு குடுத்து வாங்கினத துப்புறதாடே?" என்று ஒரே வார்த்தையில் அந்த வழியை மூடிவிட்டார்.

ஆக, ஒருவர் குடிக்காமல் ஓட்ட வேண்டும், அல்லது ஓட்டுவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று இடத்தையும் பார்க்கலாம்.

நாப்பா முப்பது மைல் நீளமுள்ள ஒரு ஒடுக்கமான தொட்டில். அகலம் அதிகபட்சம் ஐந்து மைல் இருக்கும். மேற்கே 29ஆம் நெடுஞ்சாலை, கிழக்கே சில்வராடோ டிரெயில், நடுவில் கொடிகள். தெற்கில் வளைகுடாக் காற்று நுழைவதால் அங்கே குளிர்ச்சி. வடக்கே போகப் போக வெயில் ஏறும். கோடையில் கலிஸ்டோகாவில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். இந்த வெயிலில்தான் கேபர்னே சாவின்யோன் பழுக்கிறது. 1976ஆம் ஆண்டு மே 24 அன்று பாரிஸில், பாட்டிலை மறைத்து வைத்து, பிரெஞ்சு நடுவர்கள் ருசி பார்த்த போட்டியில் சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸும் வெள்ளையில் ஷாத்தோ மான்டலேனாவும் முதலிடம் பிடித்தன. இரண்டும் நாப்பா. அன்றைக்கு ஏறிய மவுசு இன்னும் இறங்கவில்லை.

மவுசுக்கேற்ற விலை. சமீப வருடங்களில் நாப்பா கேபர்னே திராட்சை டன்னுக்கு 8,000 டாலருக்கு மேல் போகிறது. அந்தத் தொழிலில் ஒரு வாய்க்கணக்கு உண்டு: டன் விலையை நூறால் வகுத்தால் பாட்டில் விலை. அப்படிப் பார்த்தால் 80 டாலரில்தான் பேச்சே தொடங்குகிறது. டேஸ்டிங் கட்டணமும் அதே ஏணியில் ஏறும். ஒரு ஆளுக்கு 50 டாலருக்குக் குறைவாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். 75, 100 எல்லாம் வழக்கமாகிவிட்டது. சில இடங்களில் குடிக்காமல் கூட உட்கார்ந்திருப்பவருக்கும் நாற்காலிக்குக் காசு உண்டு. அக்கா மாதிரி ஆளைக் கூட்டிப்போனால் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நாப்பாவில் வழியில் ஒரு அழகான கேட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பும் வேலையெல்லாம் நடக்காது. 1990இல் அந்த கவுன்டி, நம் மாவட்டம் மாதிரி, போட்ட விதிப்படி, அதற்குப் பிறகு வந்த ஒயினரிகள், அதாவது ஒயின் தயாரிக்கும் இடங்கள், முன்பதிவு இல்லாமல் ஆளை உள்ளே விடக்கூடாது. அதற்கு முந்தைய பழைய இடங்களும் இப்போது பெரும்பாலும் முன்பதிவு முறைக்கே வந்துவிட்டன. நான் கல்லூரி நண்பர்களோடு முதல்முறை போனபோது இது தெரியாது. ஒரு பெரிய இடத்தில், பெயர் வேண்டாம், வாசலில் ஒரு பெண் டேப்லெட்டைப் பார்த்துச் சிரித்தபடி "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரலாமே" என்றாள். ஆறு பேரும் வேனிலேயே உட்கார்ந்து சிப்ஸ் தின்றோம். அடுத்த முறை முன்பதிவு செய்து போனோம். டிராஃபிக்கில் மாட்டி நாற்பது நிமிடம் தாமதம். இரண்டாவது இடம் கையைவிட்டுப் போனது, கார்டில் பிடித்த பணமும் திரும்பவில்லை.

இவ்வளவு சொல்லியும் நாப்பாவைக் கழித்துக்கட்ட மனம் வராது. முதல்முறை பார்க்கிறவருக்கு அந்த இடம் ஒரு காட்சி. 1968இலேயே அந்தப் பள்ளத்தாக்கை விவசாய நிலமாகப் பாதுகாக்கும் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால்தான் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தும் அபார்ட்மென்ட் முளைக்காமல் மலையடிவாரம் வரை கொடிகளே தெரிகின்றன. கலிஸ்டோகா பக்கம் காஸ்டெல்லோ டி அமொரோசா என்று 107 அறைகளோடு ஒரு கோட்டையே கட்டிவைத்திருக்கிறார்கள். இத்தாலியின் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாணி, திறந்தது 2007இல். புதுப்பணத்துப் பழமை என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் படம் எடுக்க அதைவிட நல்ல இடம் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போனால் கொடிகள் மொட்டையாக நிற்கும். வரிசைகளுக்கு நடுவே கடுகு பூத்து மஞ்சளாக விரிந்து கிடக்கும். கூட்டமும் குறைவு. என்னைக் கேட்டால் நாப்பாவின் நல்ல மாதம் அதுதான். ஆனால் எல்லோரும் செப்டம்பரில் மொய்க்கிறார்கள், எங்களையும் சேர்த்து.

அங்கே ஓட்டுவதற்கு ஆள் கிடைக்கிறது. உங்கள் காரையே ஓட்ட மணிக்கணக்கில் டிரைவர் வருவார். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பஸ் டூரும் உண்டு. மூன்று நாலு இடம் காட்டுவார்கள், டேஸ்டிங் கட்டணம் அதில் அடக்கமா என்று சிறிய எழுத்தில் படித்துப் பாருங்கள். 1989 முதல் ஓடும் ஒயின் டிரெயினும் இருக்கிறது. நாப்பா ஊரிலிருந்து செயின்ட் ஹெலீனா போய்த் திரும்ப 36 மைல், மூன்று மணி நேரம், பழைய பெட்டிகளில் உட்கார்ந்து சாப்பாடு. மூட்டுவலிக்காரர்களுக்கு அருமை. தோட்டத்தில் கால் வைக்க நினைப்பவருக்கு ஜன்னல் வழியாகக் கல்யாண வீடு பார்த்த கதைதான்.

சோனோமா என்று யாராவது சொன்னால் முதலில் "எந்த சோனோமா?" என்று கேளுங்கள். அந்த கவுன்டி பரப்பளவில் நாப்பாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ரஷ்யன் ரிவர் பக்கம் பசிபிக் மூடுபனி இறங்கும், அங்கே மெல்லிய தோல் கொண்ட பினோ நுவார் திராட்சை. டிரை கிரீக்கில் பழைய ஜின்ஃபண்டேல் கொடிகள், தண்டு முறுக்கிக்கொண்டு கிழவனின் முழங்கால் மாதிரி நிற்கும். இவை ஹீல்ட்ஸ்பர்க் ஊரைச் சுற்றி. எங்கள் வீட்டிலிருந்து அது தொண்ணூறு மைலுக்கு மேல், போகவர ஒரு நாளில் பாதி காரிலேயே கழியும். ஒருநாள் பயணத்துக்கு அதை நான் சேர்க்கமாட்டேன். ஓர் இரவு தங்க முடிந்தால் மூன்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு நாள் மட்டும் என்றால் சோனோமா ஊர். நடுவில் எட்டு ஏக்கர் சதுக்கம், புல்வெளி, நிழல், வாத்துகள். ஒரு மூலையில் 1823இல் தொடங்கிய மிஷன் தேவாலயம். 1846இல் கலிஃபோர்னியாவைத் தனி நாடு என்று அறிவித்துக் கரடிக்கொடி ஏற்றியது இதே சதுக்கத்தில்தான். அந்த நாடு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை, கொடி மட்டும் மாநிலக் கொடியாக நின்றுவிட்டது. சதுக்கத்தைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருபதுக்கும் மேல் டேஸ்டிங் ரூம்கள். காரை ஒருமுறை நிறுத்தினால் மாலைவரை எடுக்க வேண்டாம். குடிப்பவர்கள் குடிக்க, குழந்தைகள் புல்லில் ஓட, அக்கா மாதிரி ஆட்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரலாம். கூட்டத்தில் பாதிப் பேர் குடிக்காதவர்கள் என்றால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது.

குறையும் அதிலேயே இருக்கிறது. கடைத்தெருவில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தால் தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஆகாது. அதற்கு ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி 1857இல் தொடங்கிய புவெனா விஸ்டாவுக்கோ 1858இல் தொடங்கிய குண்ட்லாக் புண்ட்ஷுவுக்கோ ஒரு நடை போய்வரலாம். என் மனைவியின் ஆபீஸ் கூட்டத்தோடு போனபோது அப்படித்தான் செய்தோம். கட்டணம் நாப்பாவைவிடக் குறைவு, 30, 40 டாலருக்கு நிறைய இடம் உண்டு. ஒன்றிரண்டு பாட்டில் வாங்கினால் அதையும் கழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பும்போது 37ஆம் நெடுஞ்சாலையில் சூரியன் கண்ணில் குத்த ஒரு மணி நேரம் ஊர்ந்தது மட்டும் மறக்கவில்லை. ஓட்டியவர் ஒரு சொட்டும் குடிக்காதவர். அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது பின்சீட்டில் இருந்த எங்களுக்குப் பேச வாய் வரவில்லை.

லிவர்மோர் என்றால் தமிழர்களுக்குக் கோயில்தான் ஞாபகம் வரும். சிவா விஷ்ணு கோயிலுக்கு மாதம் ஒருமுறை போகிற குடும்பங்களில் எத்தனை பேருக்கு அதே ஊரின் தென்கோடியில் ஐம்பது ஒயினரி இருப்பது தெரியும்? எனக்கே ஆறு வருடம் தெரியாது. அர்ச்சனை முடித்துப் புளியோதரை வாங்கிக்கொண்டு 580ஆம் நெடுஞ்சாலையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவோம். கோயிலிலிருந்து கால் மணி நேரம் தெற்கே போனால் டெஸ்லா ரோடு. டெஸ்லா காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்தக் கார் வருவதற்கு வெகுகாலம் முன்பே வைத்த பெயர். அந்தச் சாலையின் இருபுறமும் கொடிகள்.

ஊர் சின்னதாகத் தெரிந்தாலும் ஒயின் உலகில் அதன் கை நீளமானது. வென்டே, கன்கானன் என்ற இரண்டு குடும்பங்கள் 1883இல் அங்கே தோட்டம் போட்டன. கலிஃபோர்னியாவில் இன்று இருக்கும் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக் கொடிகளில் பெரும்பங்கு வென்டே தோட்டத்துப் பதியன்களின் வழி வந்தவை. நாப்பாவில் பெருமையாக ஊற்றித் தருகிற கேபர்னேயிலும் கணிசமான கொடிகளுக்குப் பூர்வீகம் கன்கானன் தோட்டம். புகுந்த வீட்டில் பெயர், பிறந்த வீடு லிவர்மோர். 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தபோது கன்கானன் பிழைத்தது கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பூசைக்கான திராட்சை ரசம் தயாரித்துக் கொடுத்து. இதை நான் சொன்னதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்தும் சேவியர்ஸில் படித்தவர். "சாமியாருங்க குடிச்சது அப்போ நல்ல சரக்குதான்" என்றார்.

பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடப்பதால் பகல் முழுக்கச் சுட்டெரித்துவிட்டு சாயங்காலம் வளைகுடாக் காற்று உள்ளே வரும். மண் கூழாங்கல் மண், தண்ணீர் நிற்காது. இவர்களின் தனிச்சரக்கு பெட்டீட் சிரா. அந்தத் திராட்சையின் பெயரையே லேபிளில் போட்டு 1961 அறுவடையில் முதலில் பாட்டில் அடைத்தது கன்கானன்தான். கறுப்பு மை மாதிரி இருக்கும். குடித்தபின் பல்லைப் பார்த்தால் நாவற்பழம் தின்ற பிள்ளையின் வாய்.

நாக்கை இழுக்கும் இந்த ருசியை விளக்க ஆங்கிலத்தில் டேனின் அது இது என்று திணறுவார்கள். நமக்கு அறுசுவையிலேயே அதற்கு ஓர் இருக்கை போட்டிருக்கிறது: துவர்ப்பு. கடுக்காய், வாழைப்பூ, மாதுளைத் தோல், கொட்டைப்பாக்கு என்று படிப்படியாகத் துவர்ப்பு தெரிந்த நாக்கு நம்முடையது. டேஸ்டிங் ரூமில் "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால் பிளாக்பெர்ரி, புகையிலை, சிடார் மரம் என்று சொல்ல நாம் தடுமாறத் தேவையில்லை. ஊற்றித் தந்த பையனிடம் அத்தான் "ஜாமூன் ஃப்ரூட்" என்றார். அவன் எழுதி வைத்துக்கொண்டான்.

கட்டணம் 20, 25, 30 டாலர். ஒரு செட்டை இருவர் பகிர்ந்தாலும் முகம் சுளிக்காத இடங்கள் உண்டு. ஊற்றித் தருபவரே சில இடங்களில் ஒயின் செய்தவராக இருப்பார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வரும். நிறைய இடங்களில் மேஜை இருந்தால் உட்காரலாம். ஆனால் சின்ன ஒயினரிகள் வெள்ளி முதல் ஞாயிறு வரைதான் திறக்கின்றன, அதுவும் ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும். கோட்டை, ரயில் எதுவும் கிடையாது. சில தோட்டங்களின் வேலியை ஒட்டியே வீட்டுமனைகள் நிற்கும். "நாப்பா போனேன்" என்று வாட்ஸப்பில் போட முடியாது. அத்தானுக்கு அது ஒரு குறையாகவே கடைசிவரை இருந்தது.

மூன்று பேர் ருசி பார்க்க, இரண்டு இடம் என்று வைத்து நான் போட்ட கணக்கு இது. நாப்பா 75 வீதம் 450 டாலர், டிரைவர் தனி, சாப்பாடு தனி. சோனோமா 40 வீதம் 240. லிவர்மோர் 25 வீதம் 150. பெட்ரோலில் பெரிய வித்தியாசம் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. லிவர்மோருக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். நாப்பாவுக்குக் காலையில் ஒன்றேகால் மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை, பாலத்துக்கு டோல் வேறு. மூன்றாவது இடம் போடாதீர்கள். இரண்டாவதிலேயே நாக்கு மரத்துவிடும். மூன்றாவதில் என்ன குடித்தோம் என்று யாரும் எனக்கு இதுவரை சொன்னதில்லை.

கணக்குப்படி லிவர்மோர் என்று நான் முடிவு பண்ணியபிறகுதான் சிக்கல் வந்தது. கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏல, காலைல சாமி, மத்தியானம் சாராயமா?" என்றாள் அக்கா.

அரை மணி நேரம் பேச்சுவார்த்தை. சாராயம் வேறு ஒயின் வேறு என்ற என் வாதம் எடுபடவில்லை. கடைசியில் வழி சொன்னது என் மனைவி. பதினொரு மணிக்கு எங்கள் இருவரையும் டெஸ்லா ரோட்டில் இறக்கிவிட்டு, அவளும் அக்காவும் கோயிலுக்குப் போவார்கள். அபிஷேகம் பார்த்து, அங்கேயே சாப்பிட்டு, இரண்டரைக்கு வந்து எங்களை எடுத்துக்கொண்டு இரண்டாவது இடத்துக்கு. அங்கே அக்கா தோட்டத்தைப் பார்ப்பாள், அவள் சாமி அவளோடு இருக்கும். வண்டி ஓட்டுகிறவர் ஐந்து மணி நேரம் பிறர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார வேண்டியதில்லை; அவருக்கும் அந்த நாளில் ஒரு வேலை, ஒரு ஊர், ஒரு சாப்பாடு இருக்கிறது. மற்ற இரண்டு பள்ளத்தாக்கிலும் இந்த வசதி எங்களுக்குக் கிடைத்ததில்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதை எந்த டூர்க்காரரும் சொல்லமாட்டார். ஒயினைத் தெளியவைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள், வெள்ளை ஒயினுக்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையும் உண்டு. வண்டலோடு அது அடியில் தங்கிவிடும், பிறகு வடித்து எடுத்துவிடுவார்கள். லேபிளில் பெரும்பாலும் எழுதியிருக்காது. கேட்டால் சொல்வார்கள், களிமண் போட்டுத் தெளியவைப்பவர்களும் தெளியவைக்காமலே அடைப்பவர்களும் இருக்கிறார்கள். சைவமாக இருந்துகொண்டு ஒயின் குடிக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன்.

இரண்டாவது இடத்தில் அறுவடை பாதி முடிந்திருந்தது. வரிசைக் கடைசியில் பறிக்காமல் விட்ட கொத்து ஒன்று தொங்கியது. அங்கே இருந்தவரிடம் கேட்டுவிட்டு அக்கா ஒரு பழத்தைக் கிள்ளினாள். சுண்டைக்காய் அளவுதான், மேலே திருநீறு பூசின மாதிரி வெள்ளைப்படலம். விரலால் துடைத்துவிட்டு வாயில் போட்டாள். கம்பத்துப் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொண்டு கடித்திருக்க வேண்டும்.

"யம்மா, என்ன இனிப்பு!" அடுத்த நொடியே முகம் மாறியது. "தோலு கடுக்காய் மாதிரில்லா இருக்கு. உள்ள பூரா கொட்ட." இரண்டு விதையை உள்ளங்கையில் துப்பி எனக்குக் காட்டினாள். ஒயின் திராட்சை அப்படித்தான். தின்னும் திராட்சையைவிடச் சர்க்கரை அதிகம். பழம் சின்னது, தோல் தடிமன். அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹால் ஆகிறது, தோலிலிருந்துதான் நிறமும் துவர்ப்பும். நான் அங்கே ஐந்து கிளாஸில் தேடிக்கொண்டிருந்ததை அக்கா ஒரே பழத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். ஊருக்கு எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க: இந்தியாவில் ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள். இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், மூன்றாவது சேர்ந்தால் தாண்டிவிடும். அத்தான் இதைக் கேட்டதும் "உங்க அக்கா பேர்ல ரெண்டு" என்றார். அக்கா காதில் விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வருடத்துக்குச் சில தடவை பாட்டில் அனுப்பிக் காசு எடுத்துக்கொள்ளும் ஒயின் கிளப்பில் சேரச் சொல்லி எல்லா இடத்திலும் கேட்பார்கள். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகுதான் கேட்பார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

மனைவிக்கென்று போர்ட் மாதிரி இனிப்பாக ஒரு பாட்டில் வாங்கி வந்தோம். அன்று இரவு அவள் அதில் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு, நாப்பாவின் கடுகுப்பூப் படம் ஒன்றை என் முன்னால் வைத்தாள். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமைக்கு இரண்டு இடம் முன்பதிவு செய்திருக்கிறோம். வண்டி ஓட்டப்போவது நான்.